ஒரு பக்கக் கால் வீக்கம்: அம்மாப்பேட்டை நெசவாளர் ஒருவரின் நிகழ்வு ஆய்வு

2021 ஆகஸ்டில் அவர் வந்தது காலைக் காட்டத்தான். இடது கெண்டைக்கால் வலது காலைவிட நன்றாகப் பருத்திருந்தது, தோல் பளபளவென்று இழுத்துக்கொண்டு நின்றது, தொட்டால் சூடு. வயது 47. சேலம் அம்மாப்பேட்டையில் குழித்தறியில் வெண்பட்டு வேட்டி நெய்பவர், முப்பது வருஷத் தொழில். பீடிப் பழக்கம் உண்டு, ரத்த அழுத்தத்துக்கு டெல்மிசார்டான் மாத்திரை உண்டு, மே மாதம் கொரோனா வந்து போயிருந்தது. ரத்த ஓட்டத்தைக் காட்டும் டாப்ளர் ஸ்கேன் எடுத்தார்கள். முழங்காலுக்குப் பின்னால் ஓடும் ஆழ்சிரையில் ரத்தம் உறைந்திருந்தது.

"வேற ஏதாவது மாத்திரை எடுக்கறீங்களா?" என்று மருத்துவர் இரண்டு தடவை கேட்டார். இரண்டு தடவையும் இல்லை என்றே பதில்.

நான் அந்தப் பிரிவில் ஆலோசகர். பீடியை விடச் சொல்லிப் பேசுவதற்காக அவரை என்னிடம் அனுப்பினார்கள். "உக்காருங்க அண்ணா" என்றேன். உட்கார்ந்தார். ஐந்து நிமிஷம் பீடி பற்றியே பேசினோம். அப்புறம் கதவைச் சாத்தலாமா என்று கேட்டார், சாத்தினேன். சட்டைப் பையிலிருந்து பாதி காலியான ஓர் அட்டையை எடுத்து மேஜைமேல் வைத்தார். பெண்கள் சாப்பிடும் கருத்தடை மாத்திரை. "ஒரு நாளைக்கு நாலு. ஆறு மாசமா" என்றார். நான் வாயைத் திறப்பதற்குள், "எதுக்குன்னு கேக்காதே கண்ணு, உனக்கே தெரியும்" என்றார்.

தெரிந்தது. அவர் ஒரு திருநங்கை, உடம்பையும் பெண்ணாக்கிக்கொள்ளத்தான் அந்த மாத்திரை. அந்த நாளிலிருந்து நான் அவரை அக்கா என்றுதான் கூப்பிடுகிறேன். இங்கேயும் அப்படியே எழுதுகிறேன். எழுதியதை முழுக்க அவருக்குப் படித்துக் காட்டினேன். பெயர் வேண்டாம், பேட்டையின் பெயர் இருக்கட்டும் என்றார். அம்மாப்பேட்டையில் தறி அத்தனை இருக்கிறது, ஆளைக் கண்டுபிடிக்க முடியாது. இரண்டொரு அடையாளங்களை அவர் கேட்டபடி மாற்றியிருக்கிறேன்.

முதலில் காலைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இதைப் படிக்கும் யாராவது இந்த நிமிஷம் அதே மாத்திரையை முழுங்கிக்கொண்டிருக்கலாம். சாதாரணமாகக் கிடைக்கும் கருத்தடை மாத்திரைகள் பலவற்றில் இருப்பது எத்தினைல் எஸ்ட்ராடையால் என்ற செயற்கைப் பெண் ஹார்மோன் (எஸ்ட்ரோஜன் வகை), ஒரு மாத்திரையில் பெரும்பாலும் 30 மைக்ரோகிராம். இது கல்லீரலைத் தூண்டி ரத்தத்தை உறைய வைக்கும் புரதங்களைக் கூட்டும். இளம்பெண் ஒருத்தி மருத்துவர் சொன்னபடி ஒன்று சாப்பிடுவது வேறு, 47 வயதில் பீடி பிடிக்கிற, ரத்த அழுத்தம் உள்ள, நாள் முழுக்கத் தறிக்குழியில் காலைத் தொங்கவிட்டு உட்காருகிற ஒருவர் நான்கு சாப்பிடுவது வேறு. கொரோனாவும் ரத்த உறைவுக்கு ஒரு காரணம்தான், அதனால் மாத்திரை மட்டுமே செய்தது என்று அடித்துச் சொல்ல மாட்டேன். எல்லாம் சேர்ந்து ஒரே காலில் இறங்கிவிட்டது. அந்த ரத்தக்கட்டி உடைந்து நுரையீரலுக்குப் போயிருந்தால் இந்தக் கட்டுரை இல்லை, அக்காவும் இல்லை.

மருத்துவரிடம் ஏன் மறைத்தார்? காரணம் பழையது. 33 வயதில், வாழ்க்கையிலேயே முதல் முறையாக, ஒரு தனியார் மருத்துவரிடம் போய் "எனக்குள்ள பொம்பளை மாதிரி இருக்குங்க" என்று சொல்லியிருக்கிறார். அந்த மருத்துவர் ஆண்மைக் குறைவு என்று சொல்லி மாதம் ஒன்றாக நான்கு ஆண் ஹார்மோன் ஊசி போட்டார். மார்பில் முடி அடர்ந்தது, தாடி கெட்டியானது, தூக்கம் போனது. அக்கா இதைச் சொல்லும்போது குரல் உயரவே இல்லை. எனக்குத்தான் கை நடுங்கியது. ஒருவர் தான் உணர்கிற பாலின அடையாளத்தை விடவைக்கப் பார்க்கும் "மாற்றுச் சிகிச்சை" எதுவும் தொழில்முறைத் தவறு என்று தேசிய மருத்துவ ஆணையம் 2022-ல் மாநில மருத்துவ மன்றங்களுக்கு எழுதியது. அதற்கு வழி திறந்தது 2021 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் பிறப்பித்த உத்தரவு. அக்காவுக்கு ஊசி போடப்பட்டது அதற்கெல்லாம் 14 வருஷம் முன்னால்.

முன் வாழ்க்கை

பிறந்தது 1974. அப்பா தறியில், அம்மா ராட்டையில். தறி வேலையில் ஆண் வேலை, பெண் வேலை என்று பேட்டையில் கோடு போட்டே வைத்திருந்தார்கள். தறியில் உட்கார்ந்து நாடா (குறுக்கு நூலைக் கொண்டு ஓடும் கட்டை) எறிவது ஆண், தார் (நாடாவுக்குள் வைக்கும் நூல்சுருள்) சுற்றுவதும் பாவு (நெடுக்கு நூல்) பிணைப்பதும் பெண். இன்றைக்கு எத்தனையோ பெண்கள் தறியில் உட்காருகிறார்கள், ஆனால் அவர் சிறுபிள்ளையாக இருந்த தெருவில் அப்படித்தான். அம்மா பக்கத்தில் தார் சுற்ற உட்கார்ந்தால் பத்து வயது வரைக்கும் யாரும் ஒன்றும் சொல்லவில்லை, பதினொன்றில் அப்பா காதைப் பிடித்துத் தூக்கித் தறிக்குழியில் இறக்கினார். "அந்தக் குழியில இருந்து ஏறவே இல்லை" என்பார் அக்கா.

வருஷத்தில் ஒரு நாள் ஏறினார். சேலத்துக்காரர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை, மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். ஆடி மாதம் மாரியம்மன் திருவிழாவில் சேலத்தில் குகை என்ற பகுதியில் வண்டி வேடிக்கை நடக்கும். அலங்கரித்த வண்டிகளில் ஆட்கள் சாமி வேஷம் கட்டி ஊர்வலம் வருவார்கள், ஊரே கூடி நின்று பார்க்கும். தாய்மாமன் வீடு குகையில். 16 வயதிலிருந்து கல்யாணம் ஆகும் வரை வருஷா வருஷம் அம்மன் வேஷம் அக்காவுக்குத்தான். புடவை, ஒட்டியாணம், முடி, நெற்றி நிறையக் குங்குமம். காதைப் பிடித்துத் தூக்கிய அதே அப்பா ரோட்டோரம் நின்று கும்பிட்டிருக்கிறார். வண்டி திரும்பி வந்ததும் வேஷத்தைக் கலைக்க வேண்டும், அக்கா கடைசி ஆளாகத்தான் கலைப்பாராம், மூக்குத்தியைக் கழற்றாமல் விடியும் வரை மாமன் வீட்டு மாடியில் படுத்திருப்பாராம்.

அப்போது அவருக்குத் தன்னைச் சொல்லிக்கொள்ள ஒரு வார்த்தை இல்லை. தெருவில் இருந்தவை எல்லாம் வசை. திருநங்கை என்ற சொல் காதில் விழுந்தது பின்னால்தான், 2008-ல். அந்த வருஷம் ஏப்ரல் 15-ல் தமிழக அரசு இந்தியாவிலேயே முதலாவதாக அரவாணிகள் நல வாரியம் அமைத்தது, டீவியில் காட்டினார்கள். கையில் நாடாவோடு அப்படியே நின்றதாகச் சொன்னார். 2014-ல், அதே ஏப்ரல் 15-ல், ஒருவரின் பாலினம் அவரே உணர்ந்து சொல்வதுதான் என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னபோது அவருக்கு வயது 40. 2015 நவம்பரில் சேலத்துப் பெண் பிரித்திகா யாஷினிக்காகச் சென்னை உயர் நீதிமன்றம் சொன்ன தீர்ப்பு வந்தது, திருநங்கை ஒருவர் நாட்டிலேயே முதல் முறையாகக் காவல் உதவி ஆய்வாளர் ஆவதற்கு வழி ஆயிற்று. அந்தச் செய்தியைப் பேப்பரிலிருந்து வெட்டி, வேட்டிக் கரைக்குப் பூ விழ வைக்கும் துளை அட்டைகளுக்கு நடுவில் செருகி வைத்திருந்தார். எனக்கு எடுத்துக் காட்டினார். தறி அடிக்கிற அதிர்வில் ஓரமெல்லாம் தேய்ந்து படம் மட்டும் மிச்சம்.

இவ்வளவு தெரிந்தும் ஏன் இத்தனை தாமதம்? என்னிடம் எல்லோரும் கேட்கிற கேள்வி இதுதான், மருத்துவர்கள் உட்பட. இந்தக் கேள்வியே தப்பு என்று நினைக்கிறேன். 1999-ல் கல்யாணம் செய்து வைத்தார்கள், கல்யாணம் ஆனால் சரியாகிவிடும் என்று. 2001-ல் மகள், 2005-ல் மகன். 2010-ல் அப்பா இறந்தார், அம்மா படுக்கையில் விழுந்து எட்டு வருஷம் கிடந்தார், தங்கைக்குக் கல்யாணக் கடன். இதில் எந்த வருஷத்தில் அவர் வீட்டைவிட்டுக் கிளம்பியிருக்க வேண்டும் என்று கேட்பவர்தான் சொல்ல வேண்டும். அம்மா 2018-ல் போனார். மகள் கல்லூரியை முடிக்கப்போகிற நேரம். 2021 தொடக்கத்தில் தெரிந்த ஒரு மருந்துக்கடைப் பையனிடம் மனைவிக்கு என்று சொல்லி முதல் அட்டையை வாங்கினார். ஊரடங்கில் பட்டுநூல் வரவில்லை, தறி நின்றுவிட்டது, தனியாக உட்கார்ந்து யோசிக்க முதல் முறையாக நேரம் கிடைத்தது என்பதும் ஒரு காரணம். இதை அவரே சொன்னார்.

வார்டும் மனைவியும்

ரத்தம் உறைவதைத் தடுக்கும் ஹெப்பாரின் வகை ஊசிக்காகச் சேர்த்தபோது ஆண்கள் வார்டில்தான் படுக்கை கொடுத்தார்கள். முகத்தில் மூன்று நாள் தாடி, பாதி வெள்ளை. ஊசி முடிந்த அன்று அவர் எல்லோருக்கும் தெரியும்படி உடைந்து அழுதார், பக்கத்துப் படுக்கைக்காரர் காலில் வலி என்று நினைத்து நர்ஸைக் கூப்பிட்டார்.

அவர் சம்மதத்தோடு இரண்டு பேருக்கு விஷயத்தைச் சொன்னோம். ஒருவர் மருத்துவர். "நாலு மாத்திரையா?" என்று ஒரு முறை தலையில் கை வைத்துக்கொண்டார், பிறகு வேறெதுவும் பேசாமல் சீட்டில் எழுதி, மாத்திரையை நிறுத்தச் சொன்னார். திட்டவில்லை. அந்தத் திட்டாமைக்கு நான் இன்றைக்கும் நன்றியோடு இருக்கிறேன்.

இன்னொருவர் மனைவி. அவரை நான் அண்ணி என்றுதான் கூப்பிட்டேன், உறவு முறை கணக்கில் அது எப்படி நிற்கும் என்று யோசிக்கவில்லை, அவரும் தடுக்கவில்லை. அக்கா சொல்லச் சொல்ல அண்ணி சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். முடிந்ததும் என்னைப் பார்த்து, "எனக்குத் தெரியுங்க" என்றார். 2003-ல் தன் ரவிக்கை ஒன்று கை இடுக்கில் தையல் விட்டிருப்பதைப் பார்த்திருக்கிறார். தான் உடுத்தியதால் விட்ட தையல் இல்லை என்று தெரிந்திருக்கிறது. ஊசி நூல் எடுத்து, இரண்டு விரல் அகலம் கூடுதலாகப் பிரித்துத் தைத்து, அதே இடத்தில் மடித்து வைத்துவிட்டார். 18 வருஷம் வாயைத் திறக்கவில்லை. இதைக் கேட்டு அக்கா சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

இதை அன்பின் அடையாளம் என்று மட்டும் எடுத்துக்கொண்டால் அண்ணிக்குச் செய்யும் அநியாயம். அடுத்த வாரம் தனியாக வந்து கோபத்தைக் கொட்டினார். "இப்ப நான் யாருங்க? வாழாவெட்டியா, விதவையா, சுமங்கலியா? ஏதாவது ஒண்ணு சொல்லுங்க, அதுக்குத் தக்கபடி இருந்துட்டுப் போறேன்." நான் படித்த எந்தப் பாடத்திலும் இதற்குப் பதில் இல்லை. பாலினம் மாறுபவருக்கு ஆலோசனை உண்டு, கூட இருப்பவருக்கு என்ன பேர் வைப்பது என்று எங்களுக்கே தெரியவில்லை. அடுத்த எட்டு மாதத்தில் அக்காவோடு நான் பேசிய நேரத்தைவிட அண்ணியோடு பேசிய நேரம் அதிகம். படுக்கை பற்றியும் பேசினோம். அவர் வெட்கப்படாமல் பேசினார். அது பல வருஷமாகவே இல்லை, அதற்காக அழுவதை எப்போதோ நிறுத்திவிட்டேன், தனியாகத் தூங்குவதுதான் பயமாக இருக்கும் என்றார். இருவரும் ஒரே அறையில்தான் இன்றும் படுக்கிறார்கள்.

பாலினம் மாறி வாழ வரும் நடுத்தர வயதுக்காரரிடம் முதலில் கேட்க வேண்டியது, அவரோடு யார் யார் வருகிறார்கள் என்பது. இந்த ஒரு விஷயத்துக்காகத்தான் இந்த நிகழ்வை எழுத உட்கார்ந்தேன். 20 வயதில் வீட்டைவிட்டு ஓடிவந்த பிள்ளைகளைப் பார்த்துப் பழகிய எங்களுக்கு, மனைவியையும் மகளையும் தறியையும் பிரஷர் மாத்திரையையும் சேர்த்துத் தூக்கிக்கொண்டு வருபவரை எந்த நாற்காலியில் உட்கார வைப்பது என்று தெரிவதில்லை.

திருநங்கைகள் கூடி வாழும் குழுவான ஜமாத்திலும் இதே சிக்கல் வந்தது. சேலத்தில் இருக்கும் திருநங்கைகள் சிலரை நான்தான் அறிமுகம் செய்தேன். மருத்துவமனையில் இருந்த நாட்களில் அவர்கள் முறை வைத்துச் சாப்பாடு கொண்டுவந்தார்கள், அண்ணியை வீட்டுக்கு அனுப்பிவிட்டு இரவில் கூட இருந்தார்கள், அக்காவை மகளாக எடுத்துக்கொண்டார்கள். மகளுக்கு 47, எடுத்த அம்மாவுக்கு 34. அக்கா குனிந்து, ஜமாத்தில் பெரியவர்களுக்குச் சொல்லும் வணக்கமான "பாம்படுத்தி" சொல்ல, அந்த அம்மா கூச்சத்தில் நெளிந்ததை நான் பார்த்தேன். ஆனால் வீட்டை விட்டு வந்து தங்களோடு இருந்தால்தான் முழுசாக இருக்கும் என்று அவர்கள் நினைத்தார்கள், அக்கா வரவில்லை. கடை கடையாகக் காசு கேட்கவும் போகவில்லை, கையில் தொழில் இருந்தது. சின்ன மனஸ்தாபம் வந்து பின்னால் சரியானது. 2022 சித்திரையில் கூவாகத்துக்கு அழைத்துப்போனார்கள், இரண்டு வருஷ கொரோனா இடைவெளிக்குப் பிறகு நடந்த திருவிழா. அங்கே அரவானுக்காகத் தாலி கட்டிக்கொண்டு மறுநாள் அறுத்து வெள்ளைப் புடவை கட்ட வேண்டும். கிளம்பும்போது அண்ணி வாசலில் நின்று, "போயிட்டு வாங்க. தாலி மட்டும் கட்டிக்காதீங்க" என்றார். அக்கா கட்டிக்கொள்ளவில்லை. மற்றவர்கள் அழுததைப் பார்த்து ஓரமாக நின்று அழுதுவிட்டு வந்தார்.

சிகிச்சை

ரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரை ஆறு மாதம். பீடியை விட மூன்று மாதம் ஆனது, இரண்டு முறை திரும்பப் போனார். 2022 மார்ச்சில் வெளியூரிலிருக்கும் ஹார்மோன்களைக் கவனிக்கும் ஒரு நாளமில்லாச் சுரப்பி மருத்துவரிடம் போனோம். ரத்தக்கட்டி வந்தவருக்கு ஹார்மோனே கூடாது என்று சொல்லி அனுப்பிவிடுவாரோ என்று பயந்துகொண்டே போனேன். அவர் சொன்னது: வாய்வழி எஸ்ட்ரோஜன் வேண்டாம், தோலில் பூசும் எஸ்ட்ராடையால் ஜெல் கொடுக்கலாம், அது நேரே ரத்தத்தில் கலப்பதால் கல்லீரலை அந்த அளவுக்குத் தூண்டாது, கூடவே உறைவுத் தடுப்பு மாத்திரையைக் குறைந்த அளவில் தொடரட்டும். 40 வயதுக்கு மேல் தொடங்குபவர்களுக்குத் தோல்வழி எஸ்ட்ரோஜன்தான் பாதுகாப்பு என்பது பொதுவாகவே ஏற்கப்பட்ட வழி.

ஆண் ஹார்மோனை அடக்க ஸ்பைரோனோலாக்டோன் 50 மில்லிகிராம். இங்கே ஒரு சறுக்கல், இதைச் சிகிச்சை தருபவர்கள் கவனிக்க வேண்டும். ஸ்பைரோனோலாக்டோன் உடம்பில் பொட்டாசியத்தைத் தேக்கி வைக்கும், டெல்மிசார்டானும் அதையே செய்யும். ஆறாவது வாரம் எடுத்த ரத்தப் பரிசோதனையில் பொட்டாசியம் அளவுக்கு மேல் ஏறி 5.7. அக்காவுக்கு ஒரு தொந்தரவும் தெரியவில்லை, பரிசோதனை எடுக்காமல் விட்டிருந்தால் இதயத் துடிப்பையே தடுமாற வைத்திருக்கலாம். டெல்மிசார்டானை நிறுத்தி ஆம்லோடிபைன் என்ற வேறு ரத்த அழுத்த மாத்திரைக்கு மாற்றினார்கள். பொட்டாசியம் இறங்கியது. மூன்று வாரத்தில் கால் வீங்கியது!

அன்று இரவு பத்து மணிக்கு அண்ணி போனில் அழுத அழுகை இன்னும் காதில் இருக்கிறது. மறுநாள் ஓடிப்போய் டாப்ளர் எடுத்தோம், சிரையில் ஒன்றும் இல்லை. ஆம்லோடிபைனுக்குக் கணுக்கால் வீங்கும் பக்கவிளைவு உண்டு. இந்த முறை இரண்டு காலும் ஒன்றுபோல வீங்கியிருந்தன, முதல் முறை ஒரு கால் மட்டும். ஒரு பக்கம் மட்டும் வீங்கினால் அன்றைக்கே ஓடு, இரண்டும் சேர்ந்து வீங்கினால் மருந்துச் சீட்டோடு வா என்று அன்றிலிருந்து எல்லோருக்கும் சொல்லிவருகிறேன். மூச்சு வாங்கினால் எதையும் பார்க்காமல் ஓட வேண்டும், அது வேறு.

எட்டு மாதத்தில் மார்பில் வலியோடு வளர்ச்சி தெரிந்தது. தோல் மிருதுவானது. எஸ்ட்ரோஜன் குரலை மாற்றாது, வளர்ந்துவிட்ட தாடியைப் போக்காது என்பதை முதலிலேயே சொல்லியிருந்தோம், இருந்தாலும் ஏமாற்றம்தான். இளையவர்களுக்கு லேசர் உதவும், லேசர் தேடிப் பிடிப்பது முடியின் கறுப்பு நிறத்தை, நரைத்த முடியில் அது பலிக்காது. அக்காவின் தாடியில் பாதி நரை. மின்சாரத்தால் ஒவ்வொரு வேராகக் கருக்கும் முறை இருக்கிறது, அதற்குப் பணம் இல்லை. ஜமாத்துப் பெண்கள் முடி பிடுங்கும் சிமிட்டா கொடுத்தார்கள், ஆனால் அவருக்குக் கை பழகியது பட்டுப் பாவில் பிசிறு எடுக்கிற சாமணம்தான். காலையில் ஜன்னலோரம் அரை மணி நேரம் உட்கார்ந்து ஒவ்வொன்றாக எடுப்பார். பாவில் இழை எண்ணுகிற கண், ஒன்றும் தப்பாது.

அறுவை சிகிச்சை வேண்டாம் என்று முடிவு செய்தார். ரத்தக்கட்டி வந்த உடம்பு என்பது ஒரு காரணம். "இத்தனை வருஷம் கூடவே இருந்துச்சு. இனிமே அதோட சண்டை போடற நேரத்துல நாலு வேட்டி நெய்யலாம்" என்பது அவர் சொன்ன காரணம். அறுவை சிகிச்சை செய்யாதவர் பாதி திருநங்கை என்று நினைப்பவர்கள் வெளியிலும் உண்டு, சமூகத்துக்கு உள்ளேயும் உண்டு. 2019-ஆம் ஆண்டுச் சட்டத்தில் அன்றிருந்தபடி, மாவட்ட ஆட்சியர் தரும் திருநர் அடையாளச் சான்றிதழுக்கு அறுவை சிகிச்சை தேவையில்லை, உறுதிமொழிப் பத்திரம் போதும், மருத்துவப் பரிசோதனை கூடாது என்று 2020 விதிகளிலேயே இருந்தது. ஆனாலும் ஓர் அலுவலகத்தில் உடம்பைப் பரிசோதித்த சான்று கொண்டுவா என்றார்கள். விதியை அச்சடித்து எடுத்துப்போய் மேஜையில் வைத்தேன். வாங்கிப் படித்தார்கள், இரண்டு மாதத்தில் சான்றிதழ் வந்தது. அந்தத் தாள் அன்று என் பையில் இல்லையென்றால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்தால் இன்றும் வயிறு எரிகிறது.

40 வயதுக்கு மேற்பட்ட திருநங்கைகளுக்கான மாத உதவித்தொகைக்கு மனு எழுதலாமா என்று பேச்சு வந்தது. 1,000 ரூபாயாக இருந்து 2023-ல் 1,500 ஆனது. மனுவில் "ஆதரவற்ற" என்ற வார்த்தை வரும். அண்ணி அதைப் படித்துவிட்டுத் தாளை மடித்து என்னிடமே கொடுத்தார். "நான் இருக்கேன்லங்க." அந்த வீட்டில் மாதம் 1,500 ரூபாய் சின்னக் காசு இல்லை.

ஏற்காடு

புடவையில் முதல் முறை வெளியே போனது ஏற்காட்டுக்கு. யோசனை அண்ணியுடையது: தெரிந்தவர்கள் யாரும் இல்லாத இடமாக இருக்கட்டும். 2022 அக்டோபரில் ஒரு புதன்கிழமை, கூட்டம் இல்லாத நாள். வீட்டிலிருந்து ஆட்டோவில் சால்வையைப் போர்த்திக்கொண்டு வந்து, பேருந்தில் ஏறியதும் ஜன்னல் சீட்டில் உட்கார்ந்து, அடிவாரம் தாண்டும் வரை தலையை நிமிர்த்தவில்லை. இருபது கொண்டை ஊசி வளைவு. ஐந்தாவது வளைவிலேயே அண்ணிக்குக் குமட்டல், எலுமிச்சம்பழத்தை மூக்கில் வைத்தபடி அக்கா தோளில் சாய்ந்துவிட்டார். நடத்துநர் வந்து, "அக்கா, அவங்களுக்குக் காத்து படட்டும், ஜன்னலை நல்லாத் தள்ளி விடுங்க" என்றார். அக்காவைப் பார்த்துத்தான் சொன்னார். இதை என்னிடம் மூன்று தடவை சொல்லியிருக்கிறார், மூன்று தடவையும் நடத்துநர் சட்டையில் ஒரு பொத்தான் இல்லாததைச் சேர்த்தே சொன்னார். ஏரியைச் சுற்றி நடந்தார்கள், மிளகாய் பஜ்ஜி சாப்பிட்டார்கள். லேடீஸ் சீட் என்ற காட்சிமுனையில் நின்று கீழே சேலத்தைப் பார்த்து நம்ம பேட்டை எது என்று தேடியிருக்கிறார்கள், கண்டுபிடிக்க முடியவில்லையாம்.

மகள் கல்யாணம்

இதை நல்லபடி எழுத எனக்கு ஆசை, முடியவில்லை. முதலில் வந்த வரன் விஷயம் தெரிந்ததும் திரும்பிப் போனது. இரண்டாவது வீட்டார் ஒப்புக்கொண்டார்கள், மணமேடைக்கு மட்டும் அக்கா வரக்கூடாது என்றார்கள். மகள் முடியாது என்றாள், அண்ணியும் முடியாது என்றார், அக்கா நான் வரவில்லை என்று தானாகவே சொல்லிவிட்டார். 2023 ஆவணியில் கல்யாணம். தாரை வார்த்தது அண்ணியின் அண்ணன். அக்கா பெண்கள் பக்கம் மூன்றாவது வரிசையில், ஜமாத்து அம்மா பக்கத்தில், மாம்பழ நிறப் பட்டில் உட்கார்ந்திருந்தார். மாப்பிள்ளை கட்டியிருந்த வெண்பட்டு வேட்டி அவர் நெய்தது. மாப்பிள்ளைக்கு அது தெரியும், தாலி கட்டி முடித்ததும் இறங்கி வந்து அவர் காலில்தான் முதலில் விழுந்தான். பெரியவர்கள் முகம் சுளித்தார்கள். அவன் விழுந்தது சரி, அவர் மேடையில் இல்லாதது சரியில்லை, ஒன்றால் மற்றொன்று ஈடாகிவிட்டது என்று நான் எழுத மாட்டேன்.

மகன் பேசிப் பழக ஒரு வருஷத்துக்கு மேல் ஆனது. வீட்டில் இன்னும் அப்பா என்றுதான் கூப்பிடுகிறான், வெளியில் எப்படியும் கூப்பிடுவதில்லை. மகளும் அப்பா என்றுதான். அக்காவுக்கு அதில் வருத்தம் உண்டா என்று கேட்டேன். "பொறந்ததுல இருந்து அந்த வாய் அதைத்தானே சொல்லுச்சு" என்றார். அண்ணிக்கு இந்தச் சிக்கலே வரவில்லை. கல்யாணமான நாளிலிருந்து அவர் கூப்பிட்டது "ஏங்க". இப்போதும் "ஏங்க"தான்.

அந்த செப்டம்பரில் மகளிர் உரிமைத் தொகை வந்தது, ஒரு குடும்பத்தில் ஒருவருக்கு, மாதம் 1,000 ரூபாய். குடும்பத் தலைவி யார் என்ற கேள்விக்கு அந்த வீட்டில் ஒரு நிமிஷம் கூட விவாதம் நடக்கவில்லை, அண்ணி பெயரில்தான் எழுதினார்கள்.

இப்போது

ஆண் ஹார்மோன் குறைந்ததில் தோள் வலு குறைந்தது. முன்பு இரண்டு நாளில் முடிக்கும் வேட்டிக்கு மூன்று நாள் ஆனது, கூலி அந்த அளவுக்கு இறங்கியது. இதை எந்த மருத்துவரும் முன்கூட்டிச் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. உடம்பால் உழைத்துப் பிழைப்பவருக்கு முதலிலேயே சொல்லியிருக்க வேண்டிய விஷயம். மணிக்கணக்கில் காலைத் தொங்கவிட்டு உட்காரக்கூடாது என்பது வேறு. அதனால் 2023 கடைசியில் அண்ணி தறியில் உட்காரக் கற்றுக்கொண்டார். 45 வயதில், கற்றுக்கொடுத்தது அக்கா. முதல் இரண்டு மாதம் கரை கோணியது, முதலாளி இரண்டு வேட்டியைத் திருப்பிக் கொடுத்தார்.

கடைசியாக நான் போனது 2024 ஆடியில். நாடா ஓடும் சத்தம் தெருவிலேயே கேட்டது. அண்ணி குழியில், அக்கா அவருக்குப் பின்னால் பலகையில் காலை நீட்டி உட்கார்ந்து ராட்டையில் தார் சுற்றிக்கொண்டிருந்தார், புடவைக்குள் முழங்கால் வரை இறுக்கமான காலுறை. இந்த வெயிலில் அரிக்கிறது, கழற்றட்டுமா என்று கேட்டார். கூடாது என்றேன். பொட்டாசியம் 4.4, ரத்த அழுத்தம் 130-க்கு 84, பீடி இல்லை. நான் கேட்டதை எல்லாம் குறித்துக்கொண்டிருக்கும்போது அண்ணி திரும்பாமலே, "ஏங்க, தார்" என்று கையைப் பின்னால் நீட்டினார். அக்கா சுற்றி முடித்த தாரை எடுத்து அந்தக் கையில் வைத்தார்.